ஒரு பக்கம் சாய்ந்த தெரு

மூக்கத்தைக்கு மனிதர்கள் பெயரால் நினைவில் நிற்பதில்லை, மூக்கால்தான் நிற்பார்கள். தெருமுனை பேக்கரிக்காரர் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசிப்பாள். நடுவில் ஒரு சின்ன மேடு, நுனி அகலம் என்று சொல்லிவிட்டால் போதும், "அவரா, தங்கமான மனுஷனாச்சே" என்பாள். இத்தனைக்கும் அவளுடைய மூக்கு ஒன்றும் பேசும்படியானதில்லை. ஊரார் மூக்கையெல்லாம் தொட்டுத் தொட்டு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அண்ணன் மகள் மழலையில் வைத்ததாகச் சிலரும், அண்ணி வேண்டுமென்றே பரப்பியதாகச் சிலரும் சொல்வார்கள். அத்தை இரண்டாவதைத்தான் நம்பினாள்.

அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை அண்ணனுடையது. வாசலை ஒட்டி அண்ணியின் மேஜை, தொலைபேசி, காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. உள்ளே, திரைக்குப் பின்னால், அண்ணன் கண் பார்க்கும் இருட்டறை. இரண்டுக்கும் நடுவில், ஜன்னல் வெளிச்சம் நேராக விழுகிற இடத்தில் அத்தையின் மேஜை. அதன்மேல் கடுகை விடச் சின்ன ஸ்க்ரூக்கள் கிடக்கும் தட்டு, துணியில் சுற்றிய குறடுகள், பிரேமை இளக்குவதற்குச் சூடான காற்று ஊதும் பெட்டி, ஒரு வட்டக் கண்ணாடி. இருட்டறையிலிருந்து வெளியே வருகிற யாரும் அவளைத் தாண்டாமல் தெருவுக்குப் போக முடியாது. அண்ணன் எண்ணைச் சொல்வார், எங்கிருந்தோ லென்ஸ் வரும், ஆனால் அது முகத்தில் போய் உட்கார வேண்டுமென்றால் அத்தை கை பட வேண்டும்.

ஒரு முகத்தை அவள் வாங்குகிற விதமே தனி. தாடைக்குக் கீழே உள்ளங்கையை வைப்பாள். எப்பேர்ப்பட்ட அதிகாரியும் அந்தக் கையில் பள்ளிப் பிள்ளையாகிவிடுவார். பிறகு தன் தலையைக் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்து உற்றுப் பார்ப்பாள். காதுக்கம்பியை ஒரு நெளி நெளிப்பாள், மூக்குத் தாங்கியை ஒரு அழுத்து அழுத்துவாள், திரும்பவும் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். அந்தச் சாய்வைப் பிரியம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். குழந்தையிடம் பேசும்போது தலை சாய்கிறதே, அது மாதிரி.

யாராவது கண்ணாடி முன்னால் நின்று, கொஞ்சம் கோணலாகத் தெரிகிறதே என்று இழுத்தால் அவளிடம் பதில் தயாராக இருக்கும். பிரேம் நேராகத்தான் இருக்கிறது, மூக்குதான் லேசாகக் கோணல், கவலைப்படாதீங்க, வெளியே தெரியாது என்பாள். அதற்குமேல் வாதாட யாருக்கும் தைரியம் வராது. மூக்கைப் பற்றி மூக்கத்தையிடமே சண்டை போட முடியுமா?

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. கடையில் கண்ணாடி போடாத ஒரே முகம் அவளுடையது. அண்ணன் போட்டிருந்தார், அண்ணி போட்டிருந்தாள், அண்ணன் மகள் பள்ளியில் படிக்கும்போதே போட்டுவிட்டாள். "மிட்டாய்க் கடைக்காரி மிட்டாய் திங்கமாட்டா" என்று அண்ணி வருகிறவர்களிடம் குத்திக்காட்டுவாள். அத்தை அதற்கு, திங்கத் தேவையில்லாதவங்க திங்கமாட்டாங்க என்பாள். சமீபகாலமாக ஸ்க்ரூத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். கேட்டால், தும்மினால் பறந்துவிடும் என்று காரணம் சொன்னாள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு சட்டம் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, கடைச் சுவருக்கு வெள்ளையடிக்கும் வாரத்தில், வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். அதிகம் பேசாத அண்ணன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொற்பொழிவே செய்வார். பல் கெட்டால் வலிக்கும், வயிறு கெட்டால் கத்தும், கண் மட்டும் மரியாதைக்காரக் கண், சத்தமில்லாமல் கிளம்பிவிடும், நாம்தான் போய்க் கேட்க வேண்டும் என்பார். கண்ணுக்குள் அழுத்தம் பார்ப்பார், விளக்கடித்து உள்ளே பார்ப்பார், கடைசியாகச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை. ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி, மேலிருந்து கீழ்வரை படிக்க வேண்டும். மற்றவர்கள் பாதியில் தடுமாறும்போது அத்தை கடைசி வரி வரைக்கும் கடகடவென்று போவாள். முடித்துவிட்டு அண்ணியை ஒரு பார்வை பார்ப்பாள்.

அவள் பொய் சொல்லவில்லை. படிக்கிறோம் என்றுதான் மனதார நம்பினாள். மெல்லிய திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் ஆயிரம் பேர் அதே வரிகளைத் திக்கித் திணறிப் படிப்பதைக் கேட்டிருக்கிறாள். மாவு பிசையும்போதுகூட அந்த எழுத்துகளை ராகம் போட்டு முனகுவாள். காதுவழியாக உள்ளே போன பலகை அது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு எப்போது தீர்ந்தது என்று அவளுக்கே தெரியாது. கண்ணாடிக் கடையிலேயே பிறந்து வளர்ந்ததுபோல் வாழ்ந்தவளுக்கு மட்டும் வரக்கூடிய பிசகு.

அந்த வருஷம் அண்ணன் மகள் கண் பரிசோதனைப் படிப்பை முடித்துவிட்டு வந்து அப்பாவோடு சேர்ந்திருந்தாள். வருகிறவர்கள் அவளைச் சின்ன டாக்டர் என்றார்கள், அத்தை பாப்பா என்றாள். பாப்பா வந்ததும் முதல் வேலையாகப் பழைய பலகையைக் கழற்றிவிட்டு ஒரு திரையை மாட்டினாள். பொத்தானைத் தட்டினால் எழுத்துகள் இடம் மாறிக்கொள்ளும்.

வெள்ளையடிக்கும் வாரம் வந்தது. அத்தை நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். வலது கண்ணை மூடச் சொன்னார்கள், மூடினாள், திரையைப் பார்த்துக் கொஞ்சம் மெதுவாக, ஆனால் சரியாகப் படித்தாள். பிறகு இடது கண்ணை மூடினாள். எழுத்துகள் மாறின. அத்தை எப்போதும்போலக் கணீரென்று ஆரம்பித்துக் கடைசி வரி வரை ஓடி முடித்தாள்.

பாப்பா மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, நீங்க படிச்சது பழைய பலகை. அது பரண்ல இருக்கு."

அண்ணி முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அத்தை திரையைத் திட்டினாள், வெள்ளையடித்த வாடை கண்ணில் ஏறிவிட்டது என்றாள், வெயிலில் வந்ததைச் சொன்னாள். அண்ணன் சோதனை பிரேமை அவள் முகத்தில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே போனார். எத்தனையோ பேர் அந்தக் கேள்விக்கு விழிப்பதைக் கேட்டு அவள் திரைக்கு வெளியே சிரித்திருக்கிறாள். இப்போது இதுவா அதுவா என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. ஒரு லென்ஸ் விழுந்ததும் கலைந்து கிடந்த எழுத்துகள் சட்டென்று எலும்பு முளைத்து நின்றன. எப்படி இருக்கிறது என்று அண்ணன் கேட்டார். சுமார் என்றாள்.

உள்ளே கண் ஆரோக்கியமாகத்தான் இருந்தது. அழுத்தம் சரி, நரம்பு சரி. வலது கண்ணில் மட்டும் கடையில் சிலிண்டர் என்று சொல்லும் குறை, கோடுகளை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டுவது. அதோடு வயதானால் வருகிற, கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் குறை இரண்டு கண்ணிலும். கண்ணாடி போட்டால் தீர்ந்தது. ஊரில் பாதிப் பேருக்கு இருப்பதுதான்.

ஆனால் அண்ணன் அதற்குப் பிறகு சொன்னதுதான் அவளை உலுக்கியது. கண்ணாடி வரும்வரைக்கும் பாப்பா அந்த மேஜையைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ முன்னால் அண்ணியோடு உட்காரு, அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். அந்தக் குடும்பத்தில் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொல்லப்பட்ட எதுவும் அப்புறம் பார்க்கப்பட்டதில்லை. குளியலறைக் குழாய் ஒன்று அப்படிச் சொல்லப்பட்டு, பாப்பா பள்ளி சேர்ந்த காலத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அத்தைக்குப் புரிந்துவிட்டது. மேஜை கை மாறுகிறது.

முன் மேஜையில் அவள் நல்லபடியாக இருக்க முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கதவு திறந்தால் எழுந்து வரவேற்றாள், உட்காரச் சொன்னாள், அவர்களுடைய மூக்கு எந்த வகை, எந்த பிரேம் வழுக்கும் என்று விளக்கினாள். முன் மேஜையை எத்தனையோ வருஷமாகத் தனியாக ஆண்ட அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"இங்க மூக்கு வேணாம். போன் நம்பர் வாங்கு, போதும்."

"நம்பர் உங்களுக்கு. முகம் எனக்கு."

"அப்போ எந்திரிச்சு உன் முகத்துக்கு ஒண்ணு எடு. பிரேம் எடுத்தாத்தானே லென்ஸ் வெட்ட முடியும். நாள் போகுது பாரு."

அதுதான் சிக்கலாக இருந்தது. பிரேம் அடுக்கின் முன்னால் அத்தை நின்று நின்று பார்த்தாள். வட்ட முகத்துக்குக் கோணம், நீள முகத்துக்கு வட்டம், குட்டை மூக்குக்கு நடுப்பட்டை உயர்ந்தது என்று தெருவுக்கே தீர்ப்புச் சொன்னவள். தனக்கென்று ஒன்றை மாட்டிக் கண்ணாடிக்கு அருகே போனால் முகம் கஞ்சி மாதிரி கலங்கியது, தள்ளிப் போனால் முகம் சின்னதாகி பிரேம் எது புருவம் எது என்று தெரியவில்லை. வெறும் பிரேமுக்குள் பார்வை இருக்காதே. பார்க்க உதவும் சாமானைப் பார்க்காமலே தேர்ந்தெடுக்க வேண்டும். இத்தனை காலம் இந்த அடுக்கின் முன் தவித்தவர்களை, ஒரு பிரேம் எடுக்க இவ்வளவு நேரமா என்று மனதுக்குள் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது.

கடைசியில் அண்ணியே எழுந்து வந்தாள். அத்தை எடுத்து வைத்திருந்த கறுப்பையும் பழுப்பையும் ஒதுக்கித் தள்ளினாள். அடுக்கின் மேல்தட்டிலிருந்து செங்கல் நிறத்தில் அகலமான ஒன்றை எடுத்து, தாடைக்குக் கீழே கையை வைத்து, அத்தை வைப்பாளே அதேபோல, மாட்டிவிட்டாள்.

"இது ரொம்பப் பளிச்சுன்னு இருக்காது?" என்று அத்தை முனகினாள்.

"எத்தனை வருஷமா இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டிருக்கேன். உன்னவிட எனக்குத்தான் அது மனப்பாடம். பேசாம இரு."

தன் முகம் இன்னொருத்தி கையில் இருப்பது எப்படியிருக்கும் என்று அத்தைக்கு அன்றுதான் தெரிந்தது. பேசாமல் இருந்தாள்.

கண்ணாடி வந்த அன்று பாப்பாதான் மாட்டிவிட்டாள். அத்தை எழுந்து இரண்டடி வைத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கதவு நிலை சாய்ந்து நின்றது. பாப்பா வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள், தெரியும், சிலிண்டர் புதுசா போட்டா நாலு நாளைக்குத் தரை சாயும், அப்புறம் மூளை பழகிக்கும், நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் என்று. சொல்வது சுலபமாகத்தான் இருந்திருக்கிறது. தெருவில் மாடிப்படி இறங்குகிறவளைப்போல் காலைத் தேடித் தேடி வைத்து வீடு போய்ச் சேர்ந்தாள்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுபவர். வேலை முடிந்து வந்து, காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், செங்கல் சூளையே வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு, நல்லா இருக்கு என்றார். அவர் போட்டிருந்த கண்ணாடி ஒரு பக்கம் ஏறியிருந்தது. சுவரும் ஏறியிருந்தது, பேப்பரும் ஏறியிருந்தது. பழகிவிடும் என்று அத்தை சமாதானம் செய்துகொண்டாள்.

பழகியது. தரை முதலில் சமமானது. அடுத்து ஜன்னல் சட்டம் நிமிர்ந்தது, கதவு நிமிர்ந்தது, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம் நிமிர்ந்தது. ஒரு காலையில் பார்த்தால் வீட்டில் எல்லாமே நேராக இருந்தது, வீட்டுக்காரர் முகத்தைத் தவிர.

பல் துலக்கிக்கொண்டிருந்த அவர் முகத்தைத் திருப்பி, ஏன் கண்ணாடி இப்படிக் கோணலாக இருக்கிறது, அது மேல உட்கார்ந்துட்டீங்களா என்று கேட்டாள்.

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கண்ணாடி நேராத்தான் இருக்கு. என் மூக்குதான் கோணல். நீதானே சொன்ன."

"நான் சொன்னா நம்பிடுவீங்களா?"

"உன் தொழில்ல நான் எப்ப தலையிட்டேன்? கல்யாணப் படத்துல நேராத்தான் இருக்கு. அதுக்கப்புறம் கோணிக்கிச்சு போலன்னு விட்டுட்டேன்."

அத்தைக்குச் சிரிப்பும் வந்தது, சந்தேகமும் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

பேக்கரிக்காரர் சூடான தட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடி ஒரு பக்கம் ஏறியிருந்தது. மருந்துக்கடை அம்மா ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள், ஏறியிருந்தது. பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் விசில் ஊதிக்கொண்டு சாலையில் பிள்ளைகளைக் கடத்திக்கொண்டிருந்தார், அவருக்கும் ஏறியிருந்தது, அதைச் சரிக்கட்டவோ என்னவோ தலையை மறுபக்கம் சாய்த்திருந்தார், பின்னால் வந்த பிள்ளைகளும் அவரைப்போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார்கள். தையல்காரருக்கு ஏறியிருந்தது. எல்லோருக்கும் ஒரே பக்கம். ஒரே காற்று அடித்த கொடிகள் மாதிரித் தெரு முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து அவளுக்கு வணக்கம் சொன்னது. எல்லாம் இந்த ஒரு வருஷத்துக்குள் அவள் கைபட்ட முகங்கள்.

கடைக்குப் போனபோது அண்ணன் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். அதையும் அவள்தான் மாட்டிவிட்டாள், பாப்பா வருவதற்குக் கொஞ்சநாள் முன்பு. தெருவிலேயே அது ஒன்று மட்டும் நேராக இருந்தது.

"நீயே நிமித்திக்கிட்டியா?" என்று கேட்டாள்.

அண்ணன் சாவியைப் பையில் போட்டார், எடுத்தார், திரும்பவும் போட்டார். "ஆமா."

"அப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

"கைன்னு நினைச்சேன்" என்றார் அண்ணன். "நீதான் பலகையை முழுசாப் படிச்சிட்டியே, வருஷா வருஷம். அதனால கண்ணுன்னு தோணவே இல்ல. கைதான் தளர்ந்துபோச்சுன்னு நினைச்சேன். கைக்கு நம்மகிட்ட கண்ணாடி இல்லையே, என்னன்னு சொல்றது."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் வந்தது. அவள் கை போய்விட்டது என்று நினைத்து இந்த மனுஷன் தனியாக எத்தனை மாதம் கஷ்டப்பட்டிருப்பார். பாப்பா கடைக்கு வந்ததும் விஷயத்தைக் கேட்டு, விரலால் ஆகாயத்தில் கோடு போட்டு விளக்கினாள். வலது கண் கோட்டைச் சாய்த்துக் காட்டியது, மங்கலிலிருந்து தப்பிக்கத் தலை தானாகவே ஒரு பக்கம் சாய்ந்தது, சாய்ந்த தலைக்கு எது நேரோ அதுதான் ஊருக்குக் கிடைத்தது. அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான்கூட இவ பாசமாத் தலையச் சாய்க்கிறான்னுல்ல நினைச்சேன் என்றாள்.

அத்தை எழுந்து நின்றாள். கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டு அண்ணனிடம் கேட்டாள்: "ஒரு வாரம் எனக்கு மேஜையைக் கொடு. நான் சாய்ச்சதை நானே நிமித்தறேன். அதுல ஒண்ணு கோணலாத் திரும்பி வந்தாலும் நீ எதுவும் சொல்ல வேணாம். நானே எழுந்து அண்ணி பக்கத்துல போய் உக்காந்துக்கறேன்."

அண்ணன் தலையாட்டினார். எனக்கு இதில் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லையே என்று அண்ணி கேட்டாள்.

சேதி பேக்கரி வழியாகப் போனது. கோணல் உங்க மூக்கு இல்ல, என் தலை, வந்து நிமித்திக்கிட்டுப் போங்க என்று அத்தை சொல்லியனுப்பியதை, பேக்கரிக்காரர் ஒவ்வொரு பொட்டலத்தோடும் சேர்த்துக் கொடுத்தார். பெஞ்சு நிறைந்து வாசலுக்கு வெளியிலும் நின்றார்கள். கோபமாக ஒருவர்கூட வரவில்லை. தன் மூக்கு நேரானது என்ற நல்ல சேதியோடு ஒருவனால் கோபப்பட முடியுமா? மருந்துக்கடை அம்மா மூக்கைச் சரி செய்கிற டாக்டர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருந்தாளாம். விளையாட்டு வாத்தியார் இனி பிள்ளைகளின் தலையை யார் நிமிர்த்துவது என்று கேட்டார். பேக்கரிக்காரர் தன் மனைவியிடம், உங்க வம்சத்துல யாருக்கு நேரா இருக்கு என்று ஒரு சண்டையில் அவள் கேட்டதை வாபஸ் வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை மேஜைமேல் ஒரு தடித்த கண்ணாடிப் பலகையை வைத்திருந்தாள். பிரேமைச் சூடு காட்டி, நெளித்து, தலைகீழாக அந்தப் பலகைமேல் வைப்பாள். எல்லா முனையும் பலகையைத் தொட்டு, விரலால் தட்டினாலும் ஆடாமல் நின்றால்தான் கொடுப்பாள். தொழில் பழகிய காலத்தில் செய்தது, கண்ணளவு வந்த பிறகு விட்டுவிட்டது. இப்போது கண்ணை நம்ப அவளுக்குப் பயமாக இருந்தது. முகத்தில் மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்காமலே, மூக்கு நேரா இருக்கு, போயிட்டு வாங்க என்று அடுத்தவரைக் கூப்பிட்டாள். பலகை பொய் சொல்லாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வாரம் முடிவதற்குள் ஒருவர் திரும்பி வந்தார். தையல்காரர்.

கழுத்தில் அளவு நாடா தொங்க, வாசலிலேயே நின்று, தப்பா எடுத்துக்காதீங்க என்று ஆரம்பித்தார். அவர் முகத்தில் கண்ணாடி ஒரு பக்கம் ஏறியிருந்தது. வீட்டம்மா சொல்கிறாளாம், நீங்க நிமித்தினதுக்கு அப்புறமும் அப்படியேதான் இருக்காம், அப்படின்னா அவருக்கு மட்டும் நிஜமாகவே மூக்குக் கோணல் போலிருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு போகலாம் என்று வந்தாராம். தைக்கிறவன் மூக்கே கோணல் என்றால் தையலை யார் நம்புவார்கள் என்பது அவர் கவலை.

பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அண்ணி தன் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். அவளுக்கே அது பிடிக்கவில்லை என்று முகம் சொன்னது. இருட்டறைத் திரை விலகி அண்ணன் வந்து நின்றார்.

அத்தை பிரேமை வாங்கிப் பலகைமேல் கவிழ்த்தாள். தட்டினாள். கல்லில் அறைந்த மாதிரி ஆடாமல் நின்றது. நேர்தான். அதை எடுத்து அவர் முகத்தில் மாட்டினாள், ஏறியது. திரும்பப் பலகையில் வைத்தாள், நேர். முகத்தில், கோணல். பேசாமல் எழுந்து அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது.

பிறகு பலகையைத் தள்ளி வைத்தாள். தையல்காரரின் தாடைக்குக் கீழே கையை வைத்தாள். அந்த வாரம் முழுக்க அவள் செய்யாமல் இருந்ததைச் செய்தாள்: தலையைச் சாய்க்காமல், நேராக நின்று, ஒரு முகத்தை முழுசாகப் பார்த்தாள். புருவம் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள், மேலிருந்து நுனிவரை நூல் பிடித்த மாதிரி இருந்தது. அவர் முடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஒதுக்கி இன்னொரு காதைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு விரிந்தது.

கம்பியைச் சூடு காட்டினாள். ஒரு கம்பியை மட்டும் துளி கீழே இறக்கினாள். பலகைமேல் வைத்தால் பிரேம் இப்போது நொண்டியது, ஒரு முனை தூக்கிக்கொண்டு ஆடியது. அப்படியே எடுத்து அவர் முகத்தில் மாட்டினாள். தண்ணீர் மட்டம் மாதிரி உட்கார்ந்தது. பெஞ்சில் யாரோ, அடடா என்றார்கள்.

அண்ணன் குனிந்து, ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். தன் தங்கையின் கையை எடுத்து, ஏதோ லென்ஸைச் சோதிப்பவர்போல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார்.

"அண்ணா, திரும்பி வந்தா எழுந்துடறேன்னு சொன்னேன்" என்றாள் அத்தை.

அண்ணன் தன் மனைவியிடம் திரும்பி, அந்தக் காலி நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிடு, முன் மேஜைக்கு ஒன்று போதும் என்றார். 'அப்புறம்' என்ற வார்த்தையை அவர் சேர்க்கவில்லை. அண்ணி அவர் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியைத் தூக்கிவிட்டாள். அப்பாடா, இனி நான் நிம்மதியா போன் நம்பர் வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டே, அதைப் பாப்பா உட்காருவதற்காக அத்தை மேஜையின் மறுபக்கம் போட்டாள்.

தையல்காரர் மட்டும் நகரவில்லை. "அப்ப என் மூக்கு?"

"ராஜா மூக்கு. குறை சொல்றவங்க என்கிட்ட வரட்டும்" என்றாள் அத்தை. "காதுதான் ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. அது எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு. உங்களுக்குக் கொஞ்சம் தாராளம்."

அவர் இரண்டு காதையும் இரண்டு கையால் பிடித்துப் பார்த்தபடியே தெருவைக் கடந்தார். அன்று சாயங்காலம் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களுடைய காதையெல்லாம் அவர் நாடா வைத்து அளந்துகொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிற ஒரு மனிதன்கூட அவருக்குக் கிடைக்கவில்லையாம். அளந்த ஒவ்வொருவரிடமும், அதில் பாதிப் பேர் கண்ணாடியே போடாதவர்கள், எதற்கும் எதிர்க்கடையில் ஒரு தடவை காட்டிவிடுங்கள், அங்கே ஒரு அம்மா இருக்காங்க என்று சொல்லியனுப்பினார்.